கட்டுச்சோற்று மூட்டையில் பெருச்சாளி

அத்தியாயம் 6

'டப்!'

கெட்டிலின் சுவிட்சிலிருந்து ஒட்டடை விரலை எடுப்பதற்குள் ஜன்னல் இல்லாத அந்த அறையின் விளக்குகள் அத்தனையும் அணைந்தன. மூலையில் ஏழு மாதமாக ஒரு நொடி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், 'ஊ...ம்' என்று இழுத்து, அடங்கிப்போனது.

பட்டப்பகலில் கும்மிருட்டு. அதில் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு சட்டென்று நின்றது. அது புரோகிராமர் பெண்ணுடையது.

"ஒட்டடை," என்றது வக்கீலம்மாவின் குரல். "இப்ப நீ என்ன பண்ணே?"

"டீ போடலாம்னு..."

"போட்டுட்டியா?"

"எதையோ போட்டுத் தள்ளிட்டேன்னு தெரியுது, வக்கீலம்மா. எதைன்னுதான் தெரியல."

இருபது வருஷம் கறுப்புக் கோட்டு போட்டு, பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர் வக்கீலம்மா. எட்டு வருஷமாக அவருடைய உதவியாளன் ஒட்டடை. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம் கிடையாது; பெயருக்குக் காரணம் அதுதான். அவன் கை பட்டு உடையாத பொருள் உலகத்தில் இருக்கிறதென்றால், அது இன்னும் அவன் கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். போன வழக்கில் தடயமாக இருந்த காலடித் தடத்தின் மேலேயே நின்றுகொண்டு, "காலடித் தடம் எங்கே?" என்று தேடியவன். ஆனாலும் இன்றைய சாதனை தனி ரகம்.

புரோகிராமர் பெண் சுவரைத் தடவிப் போய் ஃப்யூஸ் சுவிட்சை மேலே தள்ளினாள். வெளிச்சம் வந்தது. அவள் முகத்துக்கு மட்டும் வரவில்லை.

"சார்," என்றாள். "அதுதான் எனக்கு இருந்த ஒரே சாட்சி."



விஷயம் இதுதான். அந்தக் கட்டடம் ஒரு குளிர்கிடங்கு. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்து அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். குளிர் அறையின் சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால், ஒரு புரோகிராம் உடனே ஃபோன் போட்டுக் கூவ வேண்டும். பதினோரு நாளுக்கு முன்னால் கதவு ரப்பர் கிழிந்து, மூன்று மணி நேரம் அறை பதினான்கு டிகிரியில் வெந்தது. யாருக்கும் ஃபோன் வரவில்லை என்றார்கள். நாற்பதாயிரம் குப்பிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புரோகிராமின் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால், எல்லை 'எட்டு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பதினெட்டு' என்று இருந்தது. எழுதியவள் இவள். 'நான் எட்டுன்னுதான் எழுதினேன்' என்று இவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போதாக்குறைக்கு, சம்பவத்தன்று பதறிப்போய் அந்த ஃபைலைத் திறந்து, திரும்பச் சேமித்தும் வைத்துவிட்டாள். கடைசியாகக் கை வைத்தது யார் என்றால் அதுவும் இவள்தான்.

இன்று நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. கூடி முடித்ததும் இவளைப் போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள். மணி இப்போது இரண்டு இருபது.

கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி கண் விழித்தது. அவள் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"பதினெட்டு. புதுசாப் பிறந்துடுச்சு. இனி இது ஃபைல்ல இருக்கறதைத்தான் ஒப்பிக்கும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் வக்கீலம்மா. "முன்னாடி வேற என்ன சொல்லியிருக்கும்?"

"இந்த மொழியில ஒரு ஃபங்ஷன் பிறக்கும்போது, தனக்கு வேணுங்கற மதிப்பையெல்லாம் சுத்துமுத்தும் பார்த்து எடுத்து, மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடும் மேடம். அதுக்கு க்ளோஷர்னு பேரு. அப்புறம் வெளியில ஃபைலை யார் எப்படித் திருத்தினாலும், மூட்டைக்குள்ள இருக்கறது மாறவே மாறாது. ஏழு மாசம் முன்னாடி பிறந்த ஃபங்ஷன் இன்னிக்கு வரைக்கும் இங்கே உயிரோட ஓடிட்டு இருந்தது. அதோட மூட்டையைப் பிரிச்சா நான் எழுதின எண் அப்படியே இருக்கும்."

"கட்டுச்சோறு மாதிரி," என்றான் ஒட்டடை. "கிளம்பின பிறகு வீட்ல என்ன சமைச்சாலும், வழியில பிரிச்சா காலையில கட்டினதுதான் இருக்கும்."

"அதேதான் சார்!"

"அந்தக் கட்டுச்சோத்தைத்தான் நீ இப்ப தெருவுல கொட்டினே," என்றார் வக்கீலம்மா. "உவமை எல்லாம் நல்லாத்தான் வருது உனக்கு."

அவர் கெட்டில் சொருகியிருந்த ப்ளக்கின் பக்கத்தில் குனிந்தார். சுவரில் ஒட்டு நாடாவின் நாலு சின்னத் துண்டுகள், ஒரு காகிதத்தின் நாலு மூலைகளைப் போல நின்றன. நடுவே காகிதம் இல்லை.

"இங்கே என்னம்மா ஒட்டியிருந்தது?"

"'கெட்டில் போடாதீங்க, லைன் தாங்காது'ன்னு நான்தான் எழுதி ஒட்டினேன் மேடம். போன வாரம் கூட இருந்ததே..."

"மின்சாரம் போனா கம்ப்யூட்டரைத் தாங்க ஒரு பேட்டரி இருக்கணுமே?"

"நேத்து சாயங்காலம் சர்வீசுக்குன்னு எடுத்துட்டுப் போனாங்க."

"ம்." வக்கீலம்மாவின் 'ம்' ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எடை உண்டு. இது கனமான 'ம்'. "ஒட்டடை, கெட்டில் உனக்கு ஏது?"

"என் மச்சினன் கொடுத்தான். கிடங்கு மேனேஜர். காலையிலேர்ந்து ஒரு வாய் டீ இல்லாம இருக்கீங்களே மாமான்னு வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தான். ரூமை சீல் வச்சிருக்கறதால உள்ளே வர முடியாதாம். தங்கமான பய."

"எந்த ப்ளக்குன்னு நீயே கண்டுபிடிச்சியா?"

"அவன்தான் வாசல்ல நின்னு கை காட்டினான். 'மத்ததெல்லாம் வேலை செய்யாது மாமா, அதுல போடுங்க'ன்னான்."

சொல்லிவிட்டு ஒட்டடை சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தான். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

அவர் பெண்ணிடம் திரும்பினார். "ஒரு கேள்வி. உன் ஃபங்ஷன் ஒத்தைப் பிள்ளையா, இல்லே கூடப் பிறந்தது எதாவது இருக்கா?"

"புரியல மேடம்."

"அதே நாள், அதே ஃபைலைப் பார்த்து, அதே மூட்டையைக் கட்டிக்கிட்டு வேற எங்கேயாவது ஒண்ணு கிளம்பிச்சா?"

நகத்தைக் கடிக்கப் போன விரல் வாயருகே நின்றது.

"ஒத்திகைப் பெட்டி!"

"அது என்ன?"

"முதல் நாள் ஒத்திகை பார்க்க ஒரு பழைய கம்ப்யூட்டர்லயும் ஓட விட்டேன். ஃபோன் போடற வாயை மட்டும் கட்டிட்டேன். மத்தபடி எல்லாம் அச்சு அசல். கீழே பேக்கிங் ஹால்ல வச்சேன். ஆனா... யாராவது எப்பவோ ஆஃப் பண்ணியிருப்பாங்க மேடம். ஏழு மாசமாச்சு."

"ஆஃப் பண்ணியிருந்தா அழுதுக்கலாம். வா."

பேக்கிங் ஹாலில் மனிதர்கள் ஸ்வெட்டருக்குள் இருந்தார்கள். குளிர் அறையின் கதவு திறந்து மூடும்போதெல்லாம் தரையோடு ஒரு ஈரக் குளிர் ஊர்ந்து வந்து கணுக்காலைக் கடித்தது. கடைசி மேஜையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, உருண்டையாக ஒரு அம்மாள் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பேக்கிங் அக்கா என்றார்கள்.

"அக்கா, இங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்ததே?"

"எதுக்கு?" அக்காவின் குரலில் உடனே கோட்டைக் கதவு சாத்திக்கொண்டது. "அதெல்லாம் தர முடியாது."

"இருக்கா?!"

"இருக்கறதாவது! அது இல்லேன்னா இந்நேரம் எங்க காலெல்லாம் கட்டையாப் போயிருக்கும்."

ஒட்டடை குனிந்து மேஜைக்கடியில் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா இரண்டு பாதங்களையும் ஒரு கறுப்புப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து கதகதவென்று காற்று வந்தது. ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

"ஆளுக்கு அரை மணி நேரம் முறை வச்சுக் காலைச் சூடு பண்ணிக்கறோம். ஆஃப் பண்ணவே விட மாட்டோம். கூட்ட வர்ற ஆளைக் கூட ப்ளக் பக்கம் அண்ட விடறதில்ல."

புரோகிராமர் பெண் அந்தக் குளிர்ந்த தரையில் அப்படியே மண்டியிட்டு, அக்காவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"என்னாச்சு இந்தப் பொண்ணுக்கு?" என்றாள் அக்கா, கலவரத்தோடு.

"உங்க பாதத்துல ஒரு வழக்கு ஜெயிச்சுட்டு இருக்கும்மா," என்றான் ஒட்டடை. "கொஞ்சம் காலை எடுத்தீங்கன்னா தீர்ப்பு படிச்சுடலாம்."

திரையும் கீபோர்டும் கொண்டுவந்து மாட்டினார்கள். ஒட்டடையைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார் வக்கீலம்மா. அவனாகவே பதினைந்தடி தள்ளி நின்றான்.

"நிறுத்தாமலே உள்ளே பார்க்க முடியுமா?"

"முடியும் மேடம். அது பாட்டுக்கு ஓடட்டும். 'உன் மூட்டையில என்ன இருக்கு'ன்னு மட்டும் கேட்கப் போறேன்." ஒரே ஒரு வரி தட்டினாள். திரையில் இரண்டு எண்கள் வந்தன.

முதல் எண்: 8.

பெண்ணின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கியது.

"அப்போ ஃபைலை அப்புறம்தான் யாரோ திருத்தியிருக்காங்க," என்றார் வக்கீலம்மா. "மேல இருந்த நிஜப் பெட்டியிலயும் எல்லை எட்டுதான். அறை பதினாலுக்கு ஏறியிருக்கு. அப்படின்னா, அன்னிக்கு ஃபோன் அடிச்சிருக்கு! அடிக்கவே இல்லேன்னு காட்டத்தான் பதினெட்டு. சரி, யாருக்கு அடிச்சது? ரெண்டாவது எண் என்ன?"

"கூப்பிட வேண்டிய ஃபோன் நம்பர் மேடம். டூட்டி ரூம் நம்பர். ஆனா..." அவள் நெற்றியைச் சுருக்கினாள். "இப்ப ஃபைல்ல இருக்கறது வேற நம்பராச்சே."

"உனக்கு யார் கொடுத்தது இதை?"

"ஆரம்பத்துல யாரோ வாயால சொன்னாங்க, எழுதிக்கிட்டேன். வெறும் பத்து இலக்கம்தானே, யாருதுன்னு நான் ஞாபகம் வச்சுக்கல. ஒட்டடை சார், கொஞ்சம் இந்த நம்பரைக் குறிச்சுக்கறீங்களா?"

கழுத்து நீளமாக இருப்பதில் ஒரு வசதி. பதினைந்தடி தூரத்திலிருந்தே எட்டிப் பார்க்கலாம். ஒட்டடை பேனாவைத் திறந்தான். முதல் மூன்று இலக்கம் எழுதினான். அதன்பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே மீதி ஏழையும் எழுதி முடித்தான்.

வக்கீலம்மா அதைக் கவனித்தார்.

"உனக்கு இந்த நம்பர் மனப்பாடமா?"

"என் நம்பர்தான் வக்கீலம்மா."

பெண் இரண்டடி பின்வாங்கினாள். பேக்கிங் அக்கா லேபிள் பசையைக் கையில் ஆயுதம் போலப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய நம்பர்," என்றான் ஒட்டடை. "கல்யாணமான புதுசுல வச்சிருந்தது. மச்சினனுக்கு முதல் வேலை கிடைச்ச அன்னிக்கு அவன் கையில கொடுத்துட்டேன். 'குடும்பத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர்டா மாப்ளே, இதுல கூப்பிட்டா நீ எடுப்பேன்னு உங்க அக்கா நிம்மதியா இருப்பா'ன்னு..."

அந்தப் பயலுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியதும், விடமாட்டேன் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே கையை விட்டதும் ஞாபகம் வந்தது. அன்று கீழே விழுந்தது என்னவோ ஒட்டடைதான்.

கட்டுச்சோற்றோடு பெருச்சாளியையும் சேர்த்துக் கட்டியது போல என்பார்கள். ஊருக்குக் கட்டிய மூட்டையில், தன் கையாலேயே வளர்த்த பெருச்சாளி.

வக்கீலம்மா அவனைப் பார்த்தார். பிறகு பெண்ணின் தோளில் கை வைத்தார்.

"நாமளும் பேக்கிங் அக்காவும் மேலே போய் விசாரணைக் குழுவைக் கூட்டிட்டு வரலாம். அவங்க கண்ணால பார்க்கணும். அக்கா, இந்தப் பெட்டி ஏழு மாசமா ஒரு நிமிஷம் கூட அணையலேன்னு நீங்க சொல்லணும்." திரும்பி, "ஒட்டடை, நீ காவல்."

"யாரு, நானா? இதுக்கா?"

"நீதான்."

"வக்கீலம்மா... என்னைத் தெரிஞ்சுமா? அது யார் நம்பர்னு தெரிஞ்சுமா?"

"ரெண்டும் தெரிஞ்சுதான்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஒட்டடை தனியானான். முதலில் கையைப் பையில் விட்டுக்கொண்டான். பிறகு காலை நினைத்துப் பயந்து, மேஜை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பெட்டியின் வயர் கீழே சுவர் வரைக்கும் தளர்வாக ஓடியது. தடுக்கி விழுவதற்கென்றே அளந்து போட்டது போல் இருந்தது.

"மாமா, இங்கேயா இருக்கீங்க?"

மச்சினன் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அக்கறை. மேஜைக்கடியில் பச்சை விளக்கைப் பார்த்ததும் அக்கறை கொஞ்சம் நழுவியது.

"மேலே ஃப்யூஸ் போச்சாமே? மனசை விடாதீங்க மாமா. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. உங்க ராசி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." சிரித்தான். "இது என்ன, ஹீட்டரா?"

"ஒத்திகைப் பெட்டி. உள்ளே ஒரு மூட்டை இருக்கு. மூட்டையில என் பழைய நம்பர் இருக்கு."

சிரிப்பு நின்றது. குளிர் அறைக் கதவு எங்கோ திறந்து மூடியது.

"எத்தனை தடவை அடிச்சது மாப்ளே, அன்னிக்கு?"

"எது மாமா?"

"நான் கொடுத்த ஃபோன்."

"யாராவது நம்பரைத் தப்பாப் போட்டிருப்பாங்க மாமா..."

"டெலிஃபோன் கம்பெனிக்காரன் கிட்ட வக்கீலம்மா கேட்கத்தான் போறாங்க. அதுக்கு முன்னாடி நீயே சொல்லு."

மச்சினன் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பெட்டி அமுங்கியது.

"பதினொரு தடவை." குரல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. "பார்க்கவே இல்ல மாமா. கதவை ரெண்டு நிமிஷம் திறந்து வச்சாலே அது அடிக்கும். தினம் இருபது தடவை அடிக்கும். பையில கையை விட்டு, எடுத்துப் பார்க்காமலே கட் பண்ணிப் பண்ணி விரலுக்குப் பழகிடுச்சு. அன்னிக்கும் அப்படித்தான். மீட்டிங்ல உட்கார்ந்து பதினொரு தடவையும் கட் பண்ணேன்."

"அதைச் சொல்லியிருந்தா திட்டியிருப்பாங்க. வேலை போயிருக்கும். அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போறதுக்கு நீ ஏண்டா வழி பண்ணே?"

மச்சினனின் கண் வயர் மேல் இருந்தது. மெதுவாக, அக்காவிடம் மிட்டாய் கேட்கும் குரலில் சொன்னான்:

"மாமா... உங்க கால் தெரியாம பட்டுச்சுன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அக்காவை நினைச்சுப் பாருங்க."

ஒட்டடை அவளை நினைத்துப் பார்த்தான். இன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறப்பாள். இவன் முகத்தைப் பார்ப்பாள். தம்பி சாப்பிட்டானா என்றுதான் முதலில் கேட்பாள். அதற்கு இவன் என்ன சொல்வான்? பிறகு நகம் கடிக்கும் அந்தப் பெண்ணை நினைத்தான். அவள் வீட்டிலும் யாரோ ஒருவர் கதவைத் திறக்க வேண்டுமே.

சம்மணத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான். கால் மரத்துப் போயிருந்தது. போகட்டும்.

"கால் படாது மாப்ளே."

மாடிப்படியில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. நாலைந்து பேர் பேசிக்கொண்டே இறங்கினார்கள். நடுவே வக்கீலம்மாவின் குரல்.

"ஒண்ணு மட்டும் கேட்கறேன்," என்றான் ஒட்டடை. "நேத்து விசாரணைக் குழுவுல, வெளியாளைக் கூப்பிடலாம்னு பேச்சு வந்தப்போ, எங்க பேரைச் சொன்னது நீதான். ஊர்ல இத்தனை துப்பறியறவங்க இருக்கும்போது என்னை ஏன் கூப்பிட்டே?"

"குடும்பத்து ஆளாச்சேன்னுதான்..."

"வேணாம்."

"அக்கா சந்தோஷப்படுவான்னு..."

"மாப்ளே. நான் உன் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓடினவன். ஒரு தடவை, ஒரே தடவை, நேராச் சொல்லு."

செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. மச்சினன் தலையை நிமிர்த்தினான். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக, சிரிப்பு எதையும் மாட்டிக்கொள்ளாத முகத்தோடு அவனைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு, ஓடிக்கிட்டிருக்கற கம்ப்யூட்டரை மட்டும் யாரும் அணைச்சுடாதீங்கன்னு அழுதுச்சு மாமா. நான் போய் அணைச்சா மாட்டிக்குவேன். நீங்க அந்த ரூமுக்குள்ள போனா, பேட்டரியை எடுத்துட்டு ஒரு கெட்டிலைக் கொடுத்தாலே போதும், மீதியை நீங்களே கெடுத்துடுவீங்கன்னு நம்பினேன். அதுக்காக மட்டும்தான் கூப்பிட்டேன்."